கத்திரிப்பூ கலர் பாவு

எனக்கு ஒன்பது வயதில் வந்தது கிழவிகளுக்கு வர வேண்டிய நோய் என்று எங்கள் தெரு ஒருமனதாக முடிவு செய்திருந்தது. ஆரணியில் பட்டு நெய்கிற தெரு அது. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அங்கே எல்லோருக்கும் குரல் பெரிது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று அவர்கள் பேசியதெல்லாம் உள்ளே படுக்கையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்கும். "பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுலயே மூட்டு வாதமா? நாளைக்கு இன்னொருத்தர் வூட்டுக்குப் போவ வேண்டியதாச்சே" என்றாள் எதிர்வீட்டு அத்தை. எங்கள் வீட்டிலேயே டிவி இருக்கும்போது நான் எதற்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரவு நன்றாகத்தான் தூங்குவேன். காலையில் கண் மட்டும் விழிக்கும், கால் விழிக்காது. இரண்டு முட்டியும் இடது கணுக்காலும் வீங்கிச் சூடாக இருக்கும். கட்டிலிலிருந்து இறங்கி வாசற்படிக்குப் போவதற்குள் அழுகை வந்துவிடும். வெயில் ஏற ஏற உடம்பு இளகி, சாயங்காலம் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருப்பேன். அதுதான் வம்பாகிப் போனது. காலையில் நொண்டுகிறவள் மாலையில் நேராக நடந்தால் யார் நம்புவார்கள்? மட்டம் போடுவதற்காக நடிக்கிறாள் என்று வகுப்பில் பேச்சு கிளம்பியது. எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் கொள்ளை இஷ்டம் என்பதை ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

சுளுக்கு என்றார்கள். வளர்கிற வயதில் வரும் வலி என்றார்கள். தேவிகாபுரத்துப் பெரியம்மா மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்தாள். கடைசியில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், கண்ணைக்கூட சோதித்தார்கள். முட்டிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "இந்த நோய் சில பேருக்குக் கண்ணையும் தொந்தரவு பண்ணும், அதான் அப்பப்ப பாத்துக்கணும்" என்று டாக்டரம்மா எனக்கே நேராகப் பதில் சொன்னார். அந்த ஒரு பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "குழந்தைங்களுக்கும் மூட்டு வாதம் வரும்ங்க. உங்க தப்பு ஒண்ணும் இல்ல. மருந்தை விடாம குடுங்க. சும்மா உக்கார மட்டும் வெக்காதீங்க. காலைல வெந்நீர்ல குளிக்க வெச்சு நல்லா நடக்க விடுங்க" என்றார்.

அம்மா இதில் முதல் பாதியை மட்டும் ஆரணிக்குக் கொண்டுவந்தாள். இரண்டாம் பாதி வேலூரிலேயே தங்கிவிட்டது.

மருந்து தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மாத்திரை. போட்டால் அன்று முழுக்க வயிற்றைப் புரட்டும். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் தறிக்குப் பக்கத்துத் தறி அவருடையது. அப்பா ஒரு நாளில் பேசுவதை மாமா ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் பேசிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டு, எனக்காகத் தானும் வாந்தி எடுக்கத் தயார் என்று உட்கார்ந்திருப்பார்.

ஆனால் நடை மட்டும் கிடையாது. துடைப்பத்தைத் தொடக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது, படி ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு மாமாவின் பைக்கில் போனேன், வந்தேன். விளையாட்டு வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தேன். அவர்கள் ஓடுவதைப் பார்ப்பதுதான் என் விளையாட்டு. எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை. ஜெயிக்க வேண்டாம், பரிசு வேண்டாம், ஒரே ஒரு தடவை அப்படி மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து மரத்தடியில் தொப்பென்று விழ வேண்டும். ராத்திரி படுத்தால் அதையே நினைப்பேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டரம்மா என் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு அம்மாவைக் கடிந்துகொண்டார். தொடையில் சதையே இல்லை, உட்கார வைத்து உட்கார வைத்துக் காலை வீணாக்கிவிடுவீர்கள் போலிருக்கிறதே என்றார். மறுநாள் விடிந்ததும் அம்மா வெந்நீர் ஊற்றி என்னைத் தெருவில் இறக்கிவிட்டாள்.

விடியற்காலையில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எல்லோரும் வாசலில் இருப்பார்கள். நான் விறைத்த காலோடு ஒரு வீட்டைக் கடப்பதற்குள் ஏழு பேர் பார்த்தார்கள். "ஐயோ, பாவம்டி", "எண்ண போட்டு நீவுனியா?", "குளிர்ல ஏன் புள்ளைய இட்டாந்த?" என்று ஆளுக்கொரு கேள்வி. பால்காரர் பைக்கை நிறுத்திக் காலைப் பார்த்தார். பள்ளிக்கூட வேனுக்காக நின்றிருந்த என் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் போலவே நடந்து காட்டினான். மூன்றாம் நாள் நான் வீட்டு நடையில் உட்கார்ந்துவிட்டேன். செத்தாலும் இனிமேல் தெருவில் நடக்க மாட்டேன் என்று கத்தினேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் விடியலில் மாமா என் போர்வையை உருவினார்.

"ஜல்தி எழுந்துரு கண்ணு. பாவு போட்டுகினு இருக்கறோம். ஆள் பத்தல. பேஜாரா இருக்குது."

புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை வெளியே நீளமாக விரித்தாக வேண்டும். அவ்வளவு நீளம் எந்த வீட்டுக்குள்ளும் கிடையாது. அதனால் விடிகாலையில் தெருவிலேயே இரண்டு முனையையும் இழுத்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் கொடுத்துத் தாங்கவைத்துக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவார்கள். அதற்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். பாவு விரித்திருக்கும் தெருவில் பைக் வராது. அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இது ஊர் வழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எங்கள் வாசலில் விரித்திருந்தது கத்திரிப்பூ கலர் பாவு. ஒரு முனையை மாமா கட்டிக்கொண்டிருந்தார், மறுமுனையில் எதிர்வீட்டு அத்தை நின்றாள். காலையில் கைவிரல்களும் விறைத்தே இருக்கும் என்பதால் எனக்கு முடிச்சுப் போட வராது. அறுந்த இழையைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும், அப்பா வந்து முடிச்சுப் போடுவார். அதுதான் என் வேலை.

நடந்தேன். மரக்கட்டை மாதிரிதான் நடந்தேன். ஆனால் பாவோடு நடக்கிறவர்கள் எல்லோருமே குனிந்து, நின்று, காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பாவின் மேல் இருந்தது. "அப்பா, இங்க ஒண்ணு" என்று கத்தினேன். அப்பா வந்தார், முடிச்சுப் போட்டார், "பரவால்லியே, நல்ல கண்ணு" என்றார். அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது எனக்குப் பெருமையாக இருந்தது. நாலாவது இழையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் முட்டி மடங்குகிறது என்பதைக் கவனித்தேன்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு அதட்டினாள். "பாவு மேல கால் பட்டுச்சு, தோலை உரிச்சிடுவேன். தள்ளி நட."

அந்தச் சமயம் பட்டு வியாபாரம் அமோகமாக நடந்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு ஒரு பாவு வந்தாலே அதிகம் என்றிருந்த காலம் போய், எங்கள் வாசலில் அநேகமாகத் தினமும் பாவு. என்ன காரணமோ, எல்லாம் கத்திரிப்பூ கலர். ஏன் இதே கலர் என்று மாமாவைக் கேட்டேன். "இந்த வருசம் கல்யாணப் பொண்ணுங்கல்லாம் கத்திரிப்பூதான் வேணும்னு ஒத்த கால்ல நிக்கறாங்களாம்" என்றார். அடுத்த சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நின்று வருகிற போகிற புடவைகளை எல்லாம் பார்த்தேன். பச்சையும் அரக்கும்தான் போயின. கத்திரிப்பூவை எல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். கஞ்சி ஏன் தெளிக்கவில்லை என்றும் ஒருநாள் கேட்டுவைத்தேன். அது புது மாதிரி நூல், கஞ்சி கேட்காது என்றார் மாமா. வியாபாரத்தில் எனக்கு அப்போதே இவ்வளவு ஞானம் இருந்தது.

ஆடு வந்தது அந்த நாட்களில்தான். அப்பாவும் மாமாவும் டீ குடிக்க உள்ளே போயிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நான் இந்த முனையில் இருந்தேன். அந்த முனையில் ஓர் ஆடு தெருவுக்குள் நுழைந்து, நிதானமாகப் பாவின் பக்கம் மூக்கை நீட்டியது. பட்டுப் பாவை ஆடு வாயில் வைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். "ஏய்!" என்று கத்தினேன். ஆடு கேட்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். அடுத்து நான் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அந்த முனையில் நிற்கிறேன், மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது.

நடுவில் நான் ஓடியிருக்கிறேன்!

"ஓடாதடி!" என்று அம்மா போட்ட கூச்சல் அப்புறம்தான் என் காதில் விழுந்தது. அவள் வாசலில் இருந்து இறங்கி வந்து, ஆட்டையும் பார்க்காமல் பாவையும் பார்க்காமல், என் முன்னால் உட்கார்ந்து புறங்கையால் இரண்டு முட்டியையும் தொட்டுச் சூடு பார்த்தாள். பாவைக் காப்பாற்றியதற்காக அப்பா அன்று எனக்குப் போளி வாங்கித் தந்தார். நான் இல்லாவிட்டால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும் என்று மாமா தெரு முழுக்கச் சொன்னார். நானும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குப் பெயர் கேட்டார்கள். நானூறு மீட்டருக்குக் கையைத் தூக்கினேன். வகுப்பில் சிரித்தார்கள். வீட்டில் ஒத்துக்கொண்டால் சேர்க்கிறேன் என்றார் விளையாட்டு டீச்சர். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நடந்தால் போதும், ஓடுகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று ஒரே பிடி. எதிர்க்கட்சி என்றால் எனக்கு அப்போது அம்மாதான். அப்பாவும் மாமாவும் என் கட்சி.

வேலூரில் அம்மாவை வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டேன். "டாக்டர், நான் ரேஸ்ல ஓடலாமா?" அவர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். தொடையை அழுத்தினார். "சதை நல்லா புடிச்சிருக்கே! தினமும் எங்க நடக்கற?" என்றார். பாவில் என்றேன். அவருக்குப் புரியவில்லை, அம்மாவும் விளக்கவில்லை. வீக்கம் இல்லாத நாளில் ஓடலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வலி வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "வலிச்சா நிக்கறதுக்கும் தைரியம் வேணும். உனக்கு இருக்கா?" என்று கேட்டார். எனக்கு எல்லாமே இருந்தது. திரும்பும்போது பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் அம்மா, "ஓடு. எனக்கின்னா. வலிக்குதுன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு விடிகாலையில் இழை பார்த்து முடித்ததும் பாவோரமாக ஓடினேன். அந்த முனைக்குப் போய் எதிர்வீட்டு அத்தையைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். அவள் ஒவ்வொரு தடவையும் "வந்துட்டா பாரு மகராசி" என்பாள். பைக் கிடையாது, தெருவே என்னுடையது. வீங்கியிருந்த நாட்களில் நடந்தேன். மாமா கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார், கணுக்கால் வீங்கினாலும் நுழைய வேண்டும் என்று ஒரு அளவு பெரிதாக. வீக்கம் இல்லாத நாட்களில் உள்ளே துணி வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா மட்டும் கட்சி மாறவே இல்லை. தினமும் படியில் நின்று அதே பல்லவி. "பாவு மேல பட்டுடப் போற. தள்ளி ஓடுடி. கண்ணு எங்க இருக்குது உனக்கு?" எனக்குக் கோபம் கோபமாக வரும். இந்த வீட்டில் என்னைவிடப் பாவு உசத்தி என்று மாமாவிடம் புகார் சொன்னேன். மாமா எதற்கோ இருமினார்.

விழா நாளன்று காலையில் முட்டி கொஞ்சம் கனத்தது. வீக்கம் இல்லை. அம்மா இரண்டு தடவை வெந்நீர் ஊற்றினாள். மைதானத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். எட்டுப் பேர் வரிசையாக நின்றோம். விசில் ஊதியதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடினார்கள். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. பக்கத்தில் ஒரு பாவு இருக்கிறது, அதில் பட்டால் தோலை உரித்துவிடுவாள் என்கிற மாதிரி என் கோட்டிலேயே ஓடினேன். முதல் வளைவில் நான்தான் கடைசி. இரண்டாவது வளைவில் ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கடைசி நேர்க்கோட்டில் இரண்டு பேரைத் தாண்டினேன். அவர்களில் ஒருத்தி, நான் நடிக்கிறேன் என்று வகுப்பில் சொன்னவள். அவளைத் தாண்டும்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் இன்னொருத்தியையும் தாண்டியிருக்கலாம். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஐந்தாவதாக வந்தேன். வந்து, பல நாள் ஆசைப்படி, வேப்பமரத்தடியில் பைகளுக்கு நடுவே தொப்பென்று விழுந்தேன். அவ்வளவு சந்தோஷம் ஒரு உடம்புக்குள் இருக்க முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. கண்ணைத் திறந்தால் அம்மா. வராதவள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. பாராட்டுவாள் என்று பார்த்தேன். ஷூவைக் கழற்றி, உட்கார்ந்து, புறங்கையால் முட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாவதும்மா!" என்றேன். "கால நீட்டு" என்றாள்.

அதன்பின் ஓட்டத்தை நான் விடவில்லை. நோயும் என்னை முழுக்க விடவில்லை. அவ்வப்போது வரும், போகும், நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். உடன் ஓடுகிறவர்கள், நீ ஏன் வலது பக்கம் யாரோ இருப்பதுபோல் ஒதுங்கியே ஓடுகிறாய் என்று கேட்பார்கள்.

போன போகிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பரணைச் சுத்தம் செய்ய நான்தான் ஏறினேன். ஏணியில் ஏறுகிற வேலை இப்போதெல்லாம் எனக்குத்தான். பழைய பாய்க்குப் பின்னால் துணியில் சுற்றிய ஒரு கட்டு. அவிழ்த்தால் கத்திரிப்பூ கலர் பாவு. ஒரு பக்கம் வெளுத்திருந்தது. இழை நெடுக முடிச்சு முடிச்சாக, எண்ணி மாளாத முடிச்சுகள். இதை ஏன் நெய்யாமலே விட்டீர்கள் என்று மேலிருந்தே கேட்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னுமா உனக்குத் தெரியாது? அது சாயம் திட்டுத் திட்டா புடிச்சு வீணாப்போன பாவு. தூக்கிப் போடறதுக்கு வெச்சிருந்தது. நீ தெருவுல நடக்க மாட்டேன்னு உக்காந்துக்கினியே, அப்ப உங்கம்மாதான் கேட்டுச்சு, அத்த எடுத்து விரிங்கடான்னு. பாவு இருந்தா புள்ளய யாரும் பாக்க மாட்டாங்க, வண்டியும் வராதுன்னு. வீடு வீடா போயி சொல்லி வெச்சுது. எதிர்வூட்டு அக்கா நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே வந்து முனையைப் புடிச்சாங்க."

"அறுந்த இழை?"

"ஒரே பாவு தினமும் தானா அறுமா? உங்கப்பா விடியறதுக்குள்ள எழுந்து அஞ்சாறு இழைய அவரே அறுத்து வெப்பாரு."

அப்பா எதையும் கேட்காதவர் போல் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க இழை அறுந்துவிடுமோ என்று பயந்தே தறியில் உட்கார்ந்த மனிதர். அந்த விரலால் எப்படி அறுத்தார் என்று மேலிருந்து அவர் கையையே பார்த்தேன். போகிக்கு எரிக்க வேண்டிய சாமானில் அந்தக் கட்டைச் சேர்க்கலாமா என்று மாமா கேட்டதற்கு, சமையலறையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "அத்த எடுத்த எடத்துல வைங்க. யாரும் தொடாதீங்க."

எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒன்றுக்கும் உதவாத அந்தப் பாவின் மேல் கால் படக் கூடாது என்று அவள் தினமும் விடிகாலையில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். நான் அதை நம்பி, பயந்து, தள்ளித் தள்ளி ஓடியிருக்கிறேன்.